விதண்டாவாதி என்பவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

‘விதண்டாவாதம்’ என்ற சொல்லையும் அதன் உறவுக்காரச் சொற்களையும் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வீட்டில் எதை மறுத்துப் பேசினாலும் ‘விதண்டாவாதம் பண்ணாதே’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். விதண்டாவாதி என்றால் உண்மையில் யார்? சொல் எங்கிருந்து வந்தது?
– வாசகி, மன்னார்குடி

வாயை அடைப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சொல்லைத் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள். குரலை உயர்த்திப் பேசுபவர், பெரியவர் சொன்னதை மறுப்பவர், பிடித்த பிடியை விடாதவர் என யாரும் அதனாலேயே விதண்டாவாதி ஆகிவிடமாட்டார்கள். தனக்கென்று ஒரு கட்சியை, அதாவது நிலைப்பாட்டை, நிறுவாமல், எதிரே இருப்பவரின் கட்சியை உடைப்பதை மட்டுமே செய்பவர்தான் விதண்டாவாதி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரிடம் ‘முயலுக்கு மூன்று கால்’ என்ற கட்சி இருக்கிறது. அவரைப் பிடிவாதக்காரர் என்று திட்டலாம், விதண்டாவாதி என்று திட்ட முடியாது.

இந்த இலக்கணத்தை வகுத்தது கௌதமர் பெயரால் வழங்கும் நியாய சூத்திரம் என்ற வடமொழித் தர்க்க நூல். அதன் முதல் சூத்திரமே 16 பொருள்களை வரிசைப்படுத்துகிறது. 10, 11, 12 ஆகிய இடங்களில் வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்று வகைப் பேச்சு வருகிறது. உண்மையைக் கண்டுபிடிக்க இருவர் பேசினால் வாதம். வெல்வதற்காகப் பேசினால் ஜல்பம். அந்த ஜல்பத்திலிருந்து ‘எதிர்க்கட்சியை நிலைநாட்டுதல்’ (மறுப்பவர் தன் கட்சியை நிறுவுதல்) என்ற பகுதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது விதண்டை. முதல் அத்தியாயத்தின் இரண்டாம் பகுதியில் 3ஆம் சூத்திரம் சொல்வது இவ்வளவுதான். ‘வி’ என்ற முன்னொட்டோடு, அடித்தல் என்னும் பொருளுள்ள ‘தண்ட்’ என்ற வேர் சேர்ந்தது என்பது வடமொழி உரைகாரர்கள் தரும் சொற்பிறப்பு. எதிரியின் கட்சி எதனால் அடிபடுகிறதோ அது விதண்டை. ‘வாதி’ சேர்ந்தபோது விதண்டாவாதி. பௌத்தப் பாலி உரைகளிலும் ‘விதண்டவாதி’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது.

நடைமுறையில் இப்படி இருக்கும். குடியிருப்போர் சங்கக் கூட்டம். மொட்டை மாடியில் சூரிய மின்தகடு போடலாம் என்கிறார் செயலாளர். ‘ஐப்பசி, கார்த்திகையில் வெயிலே கிடையாதே?’ என்கிறார் ஒருவர். சரி, ஜெனரேட்டர் வாங்குவோமா? ‘டீசல் என்ன விலை விற்கிறது தெரியுமா?’ அப்படியானால் இருக்கிறபடியே விட்டுவிடலாமா? ‘நடுவில் லிஃப்ட் நின்றால் யார் பொறுப்பு?’ உங்கள் யோசனைதான் என்ன சார்? ‘நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லையே!’ இதுதான் அசல் விதண்டை. கவனியுங்கள், அவர் கேட்ட மூன்று கேள்விகளும் நியாயமானவை. விதண்டாவாதி பொய் பேச வேண்டும் என்பதில்லை.

கேள்வி: குதர்க்கம், விதண்டாவாதம், எடக்குமுடக்கு – மூன்றும் ஒன்றுதானே?
– வாசகர், தர்மபுரி

இல்லை. குதர்க்கத்தில் கோணல் காரணத்தில் இருக்கிறது. பொருந்தாத ஏதுவைப் பொருந்துவதுபோல் காட்டுவது அது. விதண்டையில் காரணம் நேராகவே இருக்கலாம், ஆனால் பேசுபவருக்கு நிற்க இடம் இருக்காது. எடக்குமுடக்கு என்பது பேசும் தோரணை. அதற்குச் சாத்திர இலக்கணம் எதுவும் இல்லை, வீட்டுக்கு வீடு மாறும்.

கேள்வி: வாதத்துக்கும் ஜல்பத்துக்கும் எல்லைக்கோடு எங்கே? இரண்டிலும் இரண்டு கட்சிகள் இருக்கின்றனவே.
– வாசகர், கோயம்புத்தூர்

நோக்கத்தில் மட்டும் என்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் சூத்திரம் கருவிகளை வைத்துப் பிரிக்கிறது. வாதத்தில் பிரமாணமும் (அறிவுக்கான சான்று) தர்க்கமும்தான் ஆயுதம்; ஐந்து உறுப்புகளோடு பேச வேண்டும்; தான் ஏற்றுக்கொண்ட சித்தாந்தத்துக்கு முரணாகப் பேசக் கூடாது. ஜல்பத்தில் இவற்றோடு சலம், ஜாதி, தோல்வித்தானம் (எதிரி தோற்றதாகக் கொள்ளும் இடம்) ஆகிய மூன்றையும் எடுத்து வீசலாம்.

ஐந்து உறுப்புகளை மணிமேகலை 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று சொல்கிறது. இம்மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இம்மலையிலும் அப்படியே புகை இருக்கிறது என்று பொருத்திக்காட்டுவது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம். மேடைப் பேச்சில் பலர் கோட்டைவிடுவது நான்காவதில். எடுத்துக்காட்டை அழகாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடுவார்கள். அது இந்த விஷயத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்று சொல்லாமலே முடிவுக்குத் தாவிவிடுவார்கள். எதிரணி அந்த இடத்தில் கையை வைத்தால் முழுக் கட்டடமும் சாயும்.

சலம் என்றால் எதிரி சொன்ன சொல்லுக்கு அவர் நினைக்காத பொருளை ஏற்றி மடக்குவது. மூன்று வகை. வாக்குச் சலத்துக்கு நியாய சூத்திரத்தின் உரைகாரர் வாத்ஸ்யாயனர் தரும் எடுத்துக்காட்டு ‘நவகம்பளம்’. ஒருவர் ‘இந்தப் பையன் நவகம்பளம் உடையவன்’ என்கிறார். நவ என்றால் புதிய, நவ என்றால் ஒன்பது. ‘ஒரு கம்பளிதானே வைத்திருக்கிறான், ஒன்பது எங்கே?’ என்று எதிரி கேட்டால் அது வாக்குச் சலம். உபசாரச் சலத்துக்கு, ‘பரண்கள் கத்துகின்றன’ என்று ஒருவர் சொல்ல, ‘பரண் எங்கே கத்தும், பரணில் இருக்கிற ஆள் அல்லவா கத்துவான்’ என்று மடக்குவது. நடுவில் உள்ளது சாமானியச் சலம். பொதுவாகச் சொன்ன ஒன்றை விதிவிலக்கில்லாத விதியாக நீட்டிவிடுவது. ‘அவர் தமிழாசிரியர், நன்றாகப் படித்தவர்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘தமிழாசிரியர் என்றாலே படித்தவரா?’ என்று ஒரு குரல் எழும். நாம் அப்படிச் சொல்லவே இல்லை.

ஜாதி என்பது இங்கே சாதி அல்ல. பொருத்தமில்லாத ஒப்புமையை வைத்து எழுப்பும் போலி மறுப்பு. நியாய சூத்திரம் 24 வகை சொல்கிறது. எல்லாவற்றையும் இங்கே விரிக்க இடமில்லை, விரித்தாலும் பாதி ஒன்றுபோலவே தோன்றும்.

கேள்வி: மணிமேகலையில் ‘உறுபொருள் வாதிகள்’ என்று வருகிறதே, அவர்களும் விதண்டாவாதிகள்தானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

அல்ல. நேர் எதிரானவர்கள். விழாவறை காதையில் முரசறைபவன் புகார் மக்களுக்குச் சொல்வது இது:

‘ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள்
பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’

‘ஒட்டிய’ என்பதைப் பாருங்கள். தாம் ஏற்றுக்கொண்ட ஒரு சமயத்தின் பொருளை நிலைநாட்டப் பேசுபவர்கள் இவர்கள். கட்சி இல்லாதவருக்கு அந்த மண்டபத்தில் படியே இல்லை. அடுத்த இரண்டு அடிகளில் ‘பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’ என்கிறான். பகைவரோடுகூடச் சினமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போய்விடுங்கள் என்று இந்திரவிழாவுக்கு ஊரையே ஒழுங்குபடுத்தும் அறிவிப்பில் வாதிகளுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டியிருந்திருக்கிறது என்றால், அந்த ஊரில் வாதம் எவ்வளவு மலிந்து கிடந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். அதே ஊரின் கொடிகளைப் பாடும் பட்டினப்பாலையும் ‘தொல்லாணை நல்லாசிரியர் உறழ்குறித்து எடுத்த உருகெழு கொடியும்’ என்கிறது. வாதுக்கு வரலாம் என்று ஆசிரியர்கள் கொடி கட்டி அழைத்திருக்கிறார்கள்.

மணிமேகலை வஞ்சி நகரில் சந்திப்பவர்களும் இப்படிப்பட்டவர்களே. 27ஆம் காதையில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவராக வந்து ‘எங்கள் கொள்கை இது’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர் எல்லாரும் இடையில் வருகிறார்கள். ‘வாதி’ என்ற சொல் இங்கே சண்டைக்காரரைக் குறிக்கவில்லை. ஒரு கொள்கையை எடுத்துரைப்பவரைக் குறிக்கிறது.

தமிழில் இந்த மரபு எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்குச் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் கட்டமைப்பே போதும். அருணந்தி சிவாசாரியார் நூலை இரண்டாகப் பிரித்தார். பரபக்கத்தில் (பிறர் கட்சி) உலகாயதர் முதல் பாஞ்சராத்திரி வரை 14 தரப்பினரின் கொள்கையையும் முதலில் அவரவர் வாயாலேயே சொல்லவைத்து, பிறகு மறுக்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அது விதண்டை. அடுத்து சுபக்கம் (தன் கட்சி) எழுதித் தம் கட்சியை நிறுவினார். நன்னூலும் ஆசிரியர்களின் ஏழு மதங்களை (நூல் செய்வோர் கொள்ளும் கொள்கைகளை) சொல்லும்போது ‘பிறர்நூற் குற்றங் காட்டல்’ என்பதை ஒரு மதமாக ஒப்புக்கொள்கிறது. கூடவே ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே’, அதாவது தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுதல், என்பதையும் வைக்கிறது.

கேள்வி: வாதுக்கு அழைக்க நாவல் மரக்கிளையை நட்டார்கள் என்கிறார்களே, ஏன் அப்படி?
– வாசகி, திருவண்ணாமலை

குண்டலகேசி கதையில் வருவது. பாலி உரைகளின்படி, வாதத்தில் தேர்ந்த அவள் ஊர் ஊராகப் போனாள். ஒவ்வொரு ஊர் வாயிலிலும் மணலைக் குவித்து அதில் நாவல் கிளையை நட்டுவைப்பாள். என்னோடு வாதிட வல்லவர் யாராவது இருந்தால் இதை மிதிக்கட்டும் என்று அங்கே விளையாடும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பிச்சைக்குப் போவாள். கிளை வாடும்வரை யாரும் தொடவில்லையென்றால் புதுக் கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர்.

ஏற்பாட்டின் சூட்சுமம் நன்றாக இருக்கிறது. நேருக்கு நேர் ‘வா’ என்று கூப்பிட்டால் அவமானம், கூச்சல். கிளையாக இருந்தால் விருப்பமுள்ளவர் தானாக மிதிக்கலாம், மற்றவர் கண்டும் காணாமல் போகலாம். சாவத்தி நகரில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் பிள்ளைகளை விட்டே அதை மிதிக்கச் செய்தார். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: ‘ஒன்று என்பது எது?’ அவளுக்குப் பதில் வரவில்லை. கேட்டுக்கொண்டே வருபவரைத் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது. தமிழில் குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்துக்கு மறுப்பாகவே நீலகேசி என்ற சமண காப்பியம் எழுந்தது. அதன் சருக்கங்களில் தருமவுரை நீங்கலாக மற்றவை குண்டலகேசி வாதம், மொக்கல வாதம், ஆசீவக வாதம், பூத வாதம் என்று வாதங்களின் பெயராலேயே நிற்கின்றன.

கேள்வி: உலகாயதர்களை விதண்டாவாதிகள் என்று பழைய நூல்கள் சொல்வது சரியா?
– வாசகர், நாகர்கோவில்

கண்ணால் காணும் உலகமே உண்மை என்ற கொள்கைதான் உலகாயதம். பாலி உரைகள் அதற்கு ‘விதண்டவாத சாத்திரம்’ என்றே பொருள் சொல்கின்றன. அது எதிரணி சூட்டிய பட்டம். உலகாயதத்துக்கு நெருங்கிய கொள்கையோடு மணிமேகலையில் வரும் பூதவாதிக்குத் தெளிவான கட்சி இருக்கிறது. தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் சேர்ந்தால் கள்ளில் வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது. கண்ணால் காண்பதே பிரமாணம், அனுமானம் வேண்டாம் என்கிறான். இதில் விதண்டை எங்கே இருக்கிறது? மணிமேகலையும் அவனை அப்படி மடக்கவில்லை. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று அவனுடைய கட்சியின் அடிக்கல்லையே அசைத்துவிடுகிறாள்.

கேள்வி: விதண்டாவாதம் செய்தே பெரிய தத்துவவாதியானவர் யாராவது உண்டா?
– வாசகர், புதுச்சேரி

உண்டு. அதனால்தான் இந்தச் சொல்லை வெறும் வசவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறோம்.

2ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பௌத்தர் நாகார்ச்சுனர் விக்கிரகவியாவர்த்தனி என்ற நூலின் 29ஆம் செய்யுளில், எனக்கு ஒரு பிரதிக்ஞை (நிறுவ எடுத்துக்கொண்ட கட்சி) இருந்தால் அல்லவா நீங்கள் காட்டும் குற்றம் என்மேல் வரும், எனக்குப் பிரதிக்ஞையே இல்லை என்கிறார். நியாயத்தின் 16 பொருள்களையும் ஒவ்வொன்றாகக் கழிக்கும் நூல் ஒன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. 12ஆம் நூற்றாண்டில் அத்வைதி ஸ்ரீஹர்ஷர் கண்டனகண்டகாத்யத்தில் இதே வழியில் நியாய வைசேடிகரின் இலக்கணங்களை உடைத்தார். பிரமாணம் என்றால் என்ன, காரணம் என்றால் என்ன என்று நீங்கள் தரும் ஒவ்வொரு வரையறையும் உங்கள் அளவுகோலிலேயே நிற்கவில்லை என்று காட்டுவது அவர் வேலை. அந்த அடியைத் தாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில் பிற்கால நியாயம் தன் வரையறைகளை இன்னும் நுணுக்கமாகத் தீட்டிக்கொண்டது.

நியாய சூத்திரமே விதண்டைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறது. நான்காம் அத்தியாயத்தின் இரண்டாம் பகுதியில் 50ஆம் சூத்திரம், முளைத்த விதையைக் காக்க முள்கிளைகளால் வேலி போடுவதுபோல, உண்மையைக் காக்க ஜல்பமும் விதண்டையும் பயன்படும் என்கிறது. நல்ல சித்தாந்தத்தை இன்னும் முழுதாகக் கற்றுத் தேறாத மாணவன், வாய்வீச்சுக்காரன் ஒருவனிடம் மாட்டிக்கொள்ளும்போது முள்வேலி தேவைதான்.

ஆனால் உரைகாரர் வாத்ஸ்யாயனர் விதண்டாவாதிக்கு ஒரு பொறியும் வைத்திருக்கிறார். ‘நீ எதற்காகப் பேசுகிறாய்?’ என்று அவனைக் கேள். ஒரு பயனைச் சொன்னால் அதுவே அவன் கட்சி. விதண்டாவாதி என்ற நிலை போயிற்று. பயனே இல்லை என்றால், சாதாரண மனிதனாகவும் அவனை ஏற்க முடியாது, ஆய்வாளனாகவும் ஏற்க முடியாது. எதிரியின் தவறைத் தெரியப்படுத்துவதுதான் என் பயன் என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. தெரியப்படுத்துபவன் உண்டு, தெரிந்துகொள்பவன் உண்டு, தெரிந்துகொள்ளும் வழியும் உண்டு என்று ஒப்புக்கொண்டாயிற்று.

கேள்வி: கல்லூரியில் சொற்போருக்கு நடுவராக இருக்கச் சொல்கிறார்கள். யார் தோற்றார் என்று பழைய முறையில் எப்படித் தீர்மானித்தார்கள்?
– பேராசிரியர், திருநெல்வேலி

தோல்வித்தானங்களை வைத்து. வடமொழியில் நிக்கிரகஸ்தானம் என்பார்கள். நியாய சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் இரண்டாம் பகுதி 22 இடங்களை எண்ணிவைத்திருக்கிறது. கைதட்டலுக்கு அதில் இடமே இல்லை. உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும் சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

மேடையில் மிக அதிகம் நிகழ்வது மதானுக்ஞை. தன் பக்கத்தில் எதிரி காட்டிய குற்றத்தை மறுக்காமல், ‘உங்கள் பக்கத்தில் மட்டும் அது இல்லையா?’ என்று திருப்பி வீசுவது. வீசியவர் சமாளித்துவிட்டதாக நினைப்பார், கூட்டமும் ஆரவாரிக்கும். சாத்திரக் கணக்கில் அவர் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்; தோற்றார். எதிரணி பக்கத்தில் அந்தக் குற்றம் இருக்கிறதா என்பது வேறு வழக்கு.

பிரதிக்ஞா சந்நியாசம் என்பது, அடி விழுந்ததும் தன் கட்சியையே கைகழுவி ‘அப்படி யார் சொன்னது?’ என்பது. உரையில் உள்ள எடுத்துக்காட்டும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். சொன்னதை அப்படியே குறித்துவைத்தால் மட்டுமே நடுவரால் இதைப் பிடிக்க முடியும்; ஆகவே ஒவ்வொரு அணித்தலைவரும் முதல் நிமிடத்தில் சொல்லும் கட்சியை ஒரே வாக்கியமாக எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏத்வந்தரம்: பொதுவாக ஒரு காரணம் சொல்லிவிட்டு, அது முறிந்ததும் ‘நான் சொன்னது நகரங்களுக்கு மட்டும்’ என்று நடுவழியில் அடைமொழி ஒட்டுவது. அர்த்தாந்தரம்: பேச வந்ததை விட்டு வேறெங்கோ போவது. விக்ஷேபம்: ‘எனக்கு வேறு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வந்து பேசுகிறேன்’ என்று எழுந்துபோவது. புனருக்தம்: சொன்னதையே திரும்பச் சொல்வது, ஆனால் பயனோடு எடுத்துக்கூறும் அனுவாதம் இதில் சேராது என்று விலக்கு உண்டு. அணித்தலைவர் தொகுப்புரையில் சொன்னதை மீண்டும் சொல்வதற்கு மதிப்பெண் குறைத்துவிடாதீர்கள்.

நாம் மிகவும் ரசிப்பது அனனுபாஷணம். எதிரி மூன்று முறை சொல்லி, சபைக்கும் புரிந்துவிட்ட ஒன்றை, திருப்பிச் சொல்ல முடியாமல் விழிப்பவர் தோற்றவர். அதாவது மறுப்பதற்கு முன் எதிரி சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரிய வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் உங்கள் போட்டியில் அமல்படுத்திப் பாருங்கள்: எதிரணி வாதத்தை அவர்களே ‘ஆமாம், அதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி இரண்டு வாக்கியத்தில் சொன்ன பிறகே மறுப்பைத் தொடங்கலாம். பாதிக் கூச்சல் அங்கேயே அடங்கிவிடும். இதற்கு மறுபுறமும் உண்டு. மூன்று முறை சொல்லியும் சபைக்கும் எதிரிக்கும் விளங்காதபடி பேசுபவரும் தோற்றவரே. அதற்கு அவிக்ஞாதார்த்தம் என்று பெயர். கடுந்தமிழில் மிரட்டுபவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

கடைசியாக நடுவருக்கென்றே ஒன்று. எதிரி தோல்வித்தானத்தில் விழுந்தும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுபவரும் தோற்றவர். ஆனால் இதை யார் சுட்டிக்காட்டுவது? சபைதான் சொல்ல வேண்டும் என்கிறார் வாத்ஸ்யாயனர்; தோற்றவன் தன் கோவணத்தைத் தானே விலக்கிக் காட்டமாட்டான் அல்லவா என்று காரணமும் சொல்கிறார். உரைநூல்களில் இப்படியான வரிகள் அபூர்வம்.

கேள்வி: அலுவலகக் கூட்டங்களில் ஒருவர் விதண்டாவாதமே செய்கிறார். எப்படிக் கையாள்வது?
– வாசகி, சென்னை

முதலில் அவர் கேட்கும் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஆட்சேபம் வந்ததுமே ‘சரி, உங்கள் யோசனை என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று பாய்ந்தால், பதில் இல்லாமல் நழுவுவது நீங்கள்தான் என்று ஆகிவிடும், அது அர்த்தாந்தரம். அவரிடம் மாற்று யோசனை இல்லை என்பதால் உங்கள் திட்டத்தில் உள்ள ஓட்டை அடைபட்டுவிடாது. பதில் சொல்லி முடித்த பிறகு, இந்த ஆட்சேபம் தீர்ந்ததா என்று கேட்டு, தீர்ந்தது என்பதைக் குறிப்பேட்டில் பதிவுசெய்யுங்கள். விதண்டைக்குத் தீனி போடுவது, தீர்ந்த கேள்வி அடுத்த கூட்டத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவதுதான்.

இரண்டாவது, கேள்வியைக் குறுக்குங்கள். அவர் மறுப்பது முடிவையா, அதற்கு நீங்கள் சொன்ன காரணத்தையா, காட்டிய எடுத்துக்காட்டையா? எடுத்துக்காட்டு மட்டும் பொருந்தவில்லை என்றால் வேறொன்றைக் காட்டினால் முடிந்தது. அதற்காகத் திட்டத்தையே தள்ளிவைக்க வேண்டாம்.

மூன்றாவதாகத்தான் வாத்ஸ்யாயனரின் கேள்வி. தள்ளிவைக்க வேண்டும் என்கிறீர்களா, திருத்த வேண்டும் என்கிறீர்களா, கைவிட வேண்டும் என்கிறீர்களா? மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அவருக்கு ஒரு கட்சி வந்துவிடும். அதன்பின் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

ஆளையும் சபையையும் எடைபோடச் சொல்லும் பகுதி ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், விமானஸ்தானம் 8ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. மருத்துவ மாணவர்களுக்காக எழுதியது. இணக்கமாகப் பேசுவது, மோதிப் பேசுவது என்று உரையாடலை முதலில் இரண்டாகப் பிரிக்கிறார் சரகர். சபையைக் கற்றறிந்த சபை, அறியாச் சபை என்று இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் நட்புச் சபை, நடுநிலைச் சபை, பகைச் சபை என மூன்றாக்குகிறார். பகைச் சபையில், அது எவ்வளவு படித்த சபையானாலும், யாரோடும் வாதிடவே கூடாது என்பது அவர் தீர்ப்பு.

அவருடைய மற்ற யோசனைகள் சில நமக்கே சங்கடம் தருபவை. மனப்பாடம் போதாதவனை நீண்ட சூத்திரங்களை ஒப்பித்தே அமுக்கு, கோபக்காரனைச் சலிப்பூட்டு, பயந்தவனை மிரட்டு, பேசும் திறன் குறைந்தவனைப் பாதி வாக்கியத்திலேயே இடைமறி. அறியாச் சபையில், எதிரி பதில் சொல்ல முயன்றால், ‘போய் இன்னும் ஒரு வருஷம் படித்துவிட்டு வா, நீ குருவிடம் சரியாகப் படித்தவனாகத் தெரியவில்லை’ என்று சொல்லிவிடலாம் என்கிறார். இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் நடப்பதைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும். இவையெல்லாம் போலி வைத்தியர்களை அரசவையிலும் ஊரிலும் எதிர்கொள்ள வேண்டியிருந்தவர்களுக்கான தற்காப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் செய்தால் அடுத்த நாள் மனிதவளத் துறை கூப்பிடும்.

கேள்வி: இன்றைய பட்டிமன்றம் வாதமா, ஜல்பமா, விதண்டையா?
– வாசகர், காரைக்குடி

பட்டிமன்றத்தின் ஊர்க்காரரே கேட்டதில் மகிழ்ச்சி. 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழாக்களில்தான் பட்டிமண்டபம் இக்கால வடிவத்தில் வேர்விட்டது. குன்றக்குடி அடிகளார் நடுவராக இருந்து அதைத் தமிழகமெங்கும் கொண்டுபோனார். இரண்டு அணி, இரண்டு கட்சி, வெற்றிதான் குறிக்கோள், சலமும் தாராளம். ஆகவே ஜல்பம். ஆனால் பேசுபவர் தான் நம்புவதைப் பேசுவதில்லை, ஒதுக்கிய தலைப்பைப் பேசுகிறார். மணிமேகலையின் ‘ஒட்டிய சமயத்து’ வாதிகள் இதைப் பார்த்தால் திகைத்திருப்பார்கள்.

கேள்வி: கிரேக்கத்தின் சாஃபிஸ்டுகளை விதண்டாவாதிகள் என்று மொழிபெயர்க்கலாமா?
– மாணவர், திருச்சி

வேண்டாம். பொது ஊழிக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு பேச்சுக்கலையும் பொதுவாழ்வுக்கான திறனும் கற்பித்த ஆசிரியர்கள் அவர்கள். புரோட்டகோரஸ், கோர்கியாஸ் போன்றவர்களுக்குத் தனிக் கொள்கைகள் இருந்தன. பிளேட்டோ எழுதியவற்றால்தான் அந்தப் பெயருக்குக் கெட்ட வாடை வந்தது. சண்டைக்காகவே செய்யும் வாதத்துக்குக் கிரேக்கத்தில் எரிஸ்டிக் என்று தனிச் சொல் உண்டு, அதுகூட ஜல்பத்துக்குத்தான் அருகில் வரும்.

கேள்வி: நீதிமன்றத்து வாதி, பிரதிவாதிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், விழுப்புரம்

சொல் ஒன்றே. சாத்திர வாதத்தில் முதலில் கட்சியை வைப்பவர் வாதி, அதை எதிர்ப்பவர் பிரதிவாதி. உரிமையியல் வழக்கில் இது அப்படியே நிற்கிறது. குற்றவியல் வழக்கில் வாதி என்று எழுதக் கூடாது. அங்கே அரசுத் தரப்பு, எதிர்த் தரப்பு. ரிட் மனு என்றால் மனுதாரர், எதிர்மனுதாரர். செய்தித்தாள்களில் இது அடிக்கடி குழம்பிவிடுகிறது. இன்னொன்று: உரிமையியல் வழக்கில் பிரதிவாதி தன் எதிருரையில் வாதியின் கூற்றுகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு மறுத்துவிட்டு, தனக்கென்று ஒரு கட்சி வைக்காமலே நிற்கலாம்; பொத்தாம்பொதுவாக மறுப்பது மட்டும் போதாது. வழக்கை மெய்ப்பிக்கும் சுமை வாதியுடையது. சாத்திரம் விதண்டை என்று ஓரமாக வைத்ததைச் சட்டம் ஓர் உரிமையாகவே கொடுத்திருக்கிறது.

கேள்வி: ‘விதாண்டவாதம்’ என்று எழுதுவது பிழையா? வடமொழி அகராதியில் விதண்டா என்றால் சேம்பு என்றும் போட்டிருக்கிறதே?
– வாசகர், ஈரோடு

பிழைதான். விதண்டாவாதம் என்றே எழுதுங்கள். விதண்டவாதம் என்ற வடிவமும் உண்டு. தாண்டவத்தின் சாயலில் ‘தா’ நுழைந்துவிட்டது போலிருக்கிறது. சேம்பும் உண்மை, அகப்பை என்ற பொருளும் உண்டு. இரண்டும் கோச நூல்கள் எனப்படும் பழைய வடமொழி அகராதிகள் தரும் பொருள்கள். தர்க்க நூல்களில் இவற்றுக்கு வேலை இல்லை.